அந்திக் கூலிக்கு வரி

ஏழாங்கட்டைத் தோட்டம், செடெனாக், ஜொகூர்
குரோதன வருஷம், மாசி 5

தம்பி லெட்சுமணனுக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் பெண்சாதி கிருஷ்ணம்மாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் சுகம் என்று எழுதினால் பொய். நானும் மகள் செல்லமும் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம். அவ்வளவுதான்.

உன் மச்சானுக்குக் காரியம் முடிந்து நீ ரயில் ஏறின மறுநாளே என்னை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அவர் பால் வெட்டின மரங்களை இப்போது வேறு ஆள் வெட்டுகிறான். நான் போகிற வழியும் அதுதான். பட்டையில் அவர் கத்தி பட்ட இடம் எது, இவன் கத்தி பட்ட இடம் எது என்று எனக்குத் தெரிகிறது. தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

ரப்பர் விலை ஏறிப்போனதாம். துரை அந்தி வேலை போட்டிருக்கிறார். பகல் வேலை முடிந்து, சாயங்காலம் திரும்பவும் ஸ்டோருக்குப் போய், உறைந்த பால் தகடுகளை மூங்கிலில் போட்டு, காய்வதற்குப் புகைவீட்டில் ஏற்ற வேண்டும். அதற்குத் தனிக் கூலி. நானும் போகிறேன். வீட்டில் இருந்து என்ன செய்ய?

அதில்தான் இப்போது சண்டை. சம்பளத்தன்று காளியப்பன் கங்காணி துண்டு விரித்து அம்மன் வரி வாங்குவது உனக்குத் தெரியும். ஒரு வெள்ளிக் கூலிக்கு அஞ்சு காசு. இப்போது அந்திக் கூலிக்கும் வரி வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டு ராஜம்மா விடவில்லை.

“பகல் கூலிக்குக் குடுக்கிறோம், வேணாங்கல. அந்தி நேரம் என்னோடது கங்காணியாரே. என் தூக்கத்த வித்து வாங்குற காசு. தூக்கத்துக்கும் வரியா?”

கங்காணி பெண்சாதி வெள்ளையம்மா வந்துவிட்டாள். “ஏண்டி, புள்ளத்தாச்சியும் சீக்காளியும் பகல் கூலியில மட்டும் வாழறாளுக. அவளுகளே குடுக்கிறாளுக. ரெண்டு கூலி வாங்குறவ மடியில முடிஞ்சுக்குவியா?”

எனக்கு ராஜம்மா சொன்னதும் நியாயமாகப் பட்டது, வெள்ளையம்மா சொன்னதும் நியாயமாகப் பட்டது. நீ படித்தவன். எது சரி என்று எழுது. அந்திக் காசைச் சேர்த்து வைக்கலாம் என்று நினைக்கிறேன். எதற்கு என்று இன்னும் தெரியவில்லை. சிங்கப்பூர் ரயில் போகிற சத்தம் இங்கே நன்றாகக் கேட்கும்.

கடுதாசியை ஸ்டேஷன் கடை ருக்னுதீன் ராவுத்தர் பேருக்கே போடு. ஆபீசுக்குப் போட்டால் பிரித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

அக்கா பேச்சியம்மாள்


சிங்கப்பூர்
1-3-1926

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி லெட்சுமணன் வணக்கம். முருகன் கிருபையால் நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் கடிதம் கண்டு மனம் மிகவும் வருந்திற்று. மச்சானைப் போன்ற மனிதர் கிடைப்பது அரிது. விதி.

வரி விஷயம் எழுதியிருந்தாய். யுத்த காலத்தில் இங்கே சர்க்காரே வருமான வரி என்று ஒன்று போட்டார்கள். அதுவும் பெரிய சம்பளக்காரர்களுக்கு. ஜனங்கள் கூச்சல் போட்டதும் சில வருஷத்தில் எடுத்துவிட்டார்கள். சர்க்காரே வேண்டாம் என்று விட்டதை உங்கள் கங்காணி பிடித்துக்கொண்டிருக்கிறார்! கப்பல் வந்தால் எனக்கும் துறைமுகக் கிடங்கில் ஓவர்டைம் உண்டு. மூட்டை எண்ணி எழுதி முடிக்க விடிந்துவிடும். அந்தக் காசில் யாரும் கை வைப்பதில்லை.

ஆனால் நீ அந்தியா பகலா என்று வாதாடாதே. அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. ஊரில் கோயில் வரி தலைக்கட்டுக்குத்தான். தலைக்கட்டு என்றால் ஆண் துணை உள்ள குடும்பம். கைம்பெண் வீட்டில் வரி கேட்கிற வழக்கம் கிடையாது. அப்பா போன பிறகு அம்மாவிடம் யாராவது வந்து கேட்டார்களா? கங்காணியும் நம் பக்கத்து ஆள்தானே. ஊர் வழக்கத்தைச் சொல். பகலும் வேண்டாம், அந்தியும் வேண்டாம், உனக்கு வரியே இல்லை என்றாகிவிடும்.

செல்லத்துக்கு என் முத்தம். கிருஷ்ணம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி
லெட்சுமணன்


ஏழாங்கட்டைத் தோட்டம்
பங்குனி 12

தம்பிக்கு அக்கா எழுதுவது. உங்கள் இருவருக்கும் தலைவலி காய்ச்சல் எதுவும் வராமல் அம்மன் காக்க வேண்டும். எனக்கு உள்ளங்கையில் கொப்புளம், வேறு ஒன்றும் இல்லை. செல்லத்துக்கு இருமல் நின்றுவிட்டது.

நீ எழுதினபடியே சொன்னேன். சம்பளத்தன்று கோயில் முன்னால், எல்லாரும் இருக்கும்போது. கங்காணி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“அட, இத நான் மறந்தே போனேன் பாரு! பேச்சியம்மா சொல்றது ஊர் வழக்கம்தான். தாலியறுத்த பொம்பளகிட்ட வரி வாங்குனா நமக்குப் பாவம். இனிமே அது வீட்டுக்கு வரி இல்ல. எல்லாரும் கேட்டுக்குங்க.”

வீட்டுக்கு வரும் வழியில் ராஜம்மா சொன்னாள், “என்னடி, இந்தாளு கை குடுத்தாலே மோதிரம் காணாமப் போயிரும், இவ்வளவு சுளுவா விட்டுட்டான்? விரலை எண்ணிப் பாத்துக்க, அஞ்சும் இருக்கா?” நான் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு முதல் சிரிப்பு. உடனே வெட்கமாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

மற்றப் பெண்கள் பகல் கூலிக்கு மட்டும் வரி போட்டார்கள். அந்திக் கூலிக்குப் போடவில்லை. ராஜம்மா எல்லாரையும் கட்டி வைத்திருக்கிறாள். ஒருத்தி போட்டாலும் எல்லாருக்கும் போய்விடும், அதனால் ஒருத்தியும் போடக்கூடாது என்று கோயில் வேம்பைத் தொட்டுச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நானும் தொட்டேன். எனக்குத்தான் வரியே இல்லையே, தொட்டால் என்ன.

உன் புத்தியால் நல்லது நடந்தது.

அக்கா பேச்சியம்மாள்


சிங்கப்பூர்
6-4-1926

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நாங்கள் நலம், உங்கள் நலனும் அப்படியே என்று நம்புகிறேன். கடிதம் கண்டு சந்தோஷம். வழக்கம் தெரிந்திருந்தால் யாரும் நம்மை ஏய்க்க முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. மிச்சமாகும் காசைப் பத்திரமாக வை. செல்லத்தின் பேரில் சேரட்டும்.

கிருஷ்ணம்மாவின் தாயார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். வீடு உனக்குத் தெரியாததா, ஒரே அறை. நான் இப்போது நடையில்தான் படுக்கிறேன். கப்பல் வேலை அதிகம். சுருக்கமாக எழுதுவதற்கு மன்னிக்கவும்.

உன் தம்பி
லெட்சுமணன்


ஏழாங்கட்டைத் தோட்டம்
அட்சய வருஷம், சித்திரை 20

தம்பிக்கு அக்கா எழுதுவது. கிருஷ்ணம்மாவும் அவள் தாயாரும் நீயும் சுகமாக இருக்க வேண்டும். நடையில் படுக்காதே, ஈரம் ஏறும்.

இங்கே ஒன்று நடந்துவிட்டது. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழாவுக்குத் தலைக்கட்டு எடுத்தார்கள். கங்காணி ஒவ்வொரு பேராகப் படிப்பார். அந்த வீட்டுக்கு என்ன முறை என்று சொல்வார். ஒருவருக்கு விறகு, ஒருவருக்குக் கூழ்ப்பானை. கோயிலுக்கு வேப்பிலை கட்டுவது உன் மச்சான் முறை. இந்த வருஷம் அதை நான் செய்யலாம் என்று காத்திருந்தேன். எங்கள் பேர் வரவில்லை. மறந்துவிட்டார் என்று எழுந்து கேட்டேன்.

“வரி இல்லாத வீடு எப்படிப் புள்ள தலைக்கட்டு ஆகும்? நீதானே கேட்ட?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பொறுத்துக்கொள்வேன். கூட்டம் கலைந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, “கப்பல்ல புது ஆளுங்க வர்றாங்க. லயத்து வரிசை வீடெல்லாம் தலைக்கட்டுக்குத்தான். ஆடி வரைக்கும் இரு. அப்புறம் நீயும் புள்ளையும் செல்லப்பன் வீட்டோட இருந்துக்குங்க. அவனும் ஒத்தையாத்தான் கெடக்கான்” என்றார்.

செல்லப்பன் வெள்ளையம்மாவின் தம்பி. அவன் பெண்சாதி போன வருஷம் அவனை விட்டு ஊருக்குப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை தம்பி. செல்லம் இப்போது நன்றாகப் பாத்திரம் துலக்குகிறாள். கூட்டிப் பெருக்குவாள். அதிகம் சாப்பிடுகிற பிள்ளை இல்லை. ஓரமாக ஒரு கோணிச்சாக்கு போட்டால் அதிலேயே தூங்கிவிடுவாள். நானும் அப்படித்தான்.

அங்கே மழை பெய்கிறதா?

அக்கா பேச்சியம்மாள்


ஏழாங்கட்டைத் தோட்டம்
வைகாசி 25

தம்பிக்கு அக்கா எழுதுவது. போன கடுதாசி கிடைத்ததா என்று தெரியவில்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ராவுத்தர் கடைக்குப் போகும்போதெல்லாம், “இன்னும் வரலம்மா, வந்தா நானே ஆள் அனுப்புறேன்” என்கிறார். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

நேற்று வெள்ளையடிக்க ஆள் வந்தது. புதுக் குடும்பத்துக்கு வீடு தயார் பண்ணுகிறார்களாம். உன் மச்சான் தலை சாய்த்து உட்காரும் இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை இருக்கும். அந்தச் சுவரை அடிக்க விடமாட்டேன் என்று முதுகைக் கொடுத்து நின்றேன். அவன் சிரித்துவிட்டு மற்ற மூன்று சுவரை அடித்துவிட்டுப் போனான்.

செல்லப்பன் சாயங்காலம் வாசலில் வந்து நின்று, “என்ன, சாமான் கட்டியாச்சா?” என்று கேட்கிறான். ராஜம்மா தன் வீட்டு வாசலிலிருந்து, “கட்டியாச்சு, உன் பாடைக்குக் கயிறு கட்டியாச்சு, போடா” என்றாள். அவள் இருக்கும்போது போய்விடுகிறான். அவள் எப்போதும் இருக்க முடியாது. எங்கள் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. விறகுக் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கிறேன்.

இதை எல்லாம் உன்னைக் கவலைப்படுத்த எழுதவில்லை.

அக்கா


சிங்கப்பூர்
19-6-1926

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். எல்லோரும் சௌக்கியம். இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதித்ததற்கு மன்னிக்க வேண்டும். நாலு கப்பல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒரே ஓவர்டைம். வீட்டுக்கு வந்தால் படுக்கத்தான் தெம்பு.

கங்காணி செய்வது மகா அநியாயம். இதற்குச் சட்டம் இருக்கிறது. நீ துரைக்கு ஒரு மனு எழுது. துரை கேட்காவிட்டால் தொழிலாளர் இலாகா அதிகாரி வரும்போது நேரில் கொடு. மனு எப்படி எழுதுவது என்று தனிக் காகிதத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பொறுமையாக இரு. பதறாதே.

கிருஷ்ணம்மாவின் தாயாரோடு அவள் தம்பியும் வந்து சேர்ந்திருக்கிறான். வேலை தேடுகிறான். இருக்கிற நெருக்கடியைச் சொல்லி முடியாது.

செல்லம் கெட்டிக்காரியாக வீட்டு வேலை செய்கிறாள் என்று எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம். அவளுக்குச் சட்டைத் துணி வாங்க மூன்று வெள்ளி அனுப்புகிறேன்.

உன் தம்பி
லெட்சுமணன்


ஏழாங்கட்டைத் தோட்டம்
ஆனி 22

தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் சுகமாக இருங்கள். செல்லத்துக்குச் சட்டை தைத்தாயிற்று. பச்சைப் பூப்போட்டது.

மனுக் காகிதத்தை ராவுத்தரிடம் காட்டினேன். “எழுத்து முத்து முத்தா இருக்கு புள்ள. ஆனா இதத் தொரைக்குப் படிச்சுச் சொல்றது யாரு? ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி. கிராணி மத்தியானச் சோறு திங்கிறது எங்க? கங்காணி வீட்டுல. அந்தச் சோத்துல கல்லு விழ அவன் படிப்பானா?” என்றார். அதிகாரி எப்போது வருவார் என்றும் யாருக்கும் தெரியவில்லை. ஆடி வந்துவிடும்.

நான் யோசித்துப் பார்த்தேன். அம்மாவுக்கு ஊரில் வரி இல்லை, வாஸ்தவம். ஆனால் அம்மாவுக்கு வீடு அப்பாவுடையது. யாரும் எழுந்து போ என்று சொல்ல முடியாது. இங்கே வரி கட்டுகிறவனுக்குத்தான் வீடு. அதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வரி வேண்டாம் என்று நான்தான் கேட்டேன். வேண்டும் என்று நானே போய்க் கேட்கப் போகிறேன்.

இனி இதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

அக்கா பேச்சியம்மாள்


ஏழாங்கட்டைத் தோட்டம்
ஆடி 20

தம்பிக்கு அக்கா எழுதுவது. நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீடு எங்களுக்கே நின்றுவிட்டது.

எப்படி நின்றது என்று எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும். இங்கே சொல்ல யாரும் இல்லை.

கங்காணி வீட்டுக்குப் போய், என்னைத் தலைக்கட்டாக எழுதிக்கொள்ளுங்கள், விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்து வரி போடுகிறேன் என்றேன். வெள்ளையம்மா முகத்தைச் சுளித்தாள். “பொம்பளத் தலைக்கட்டா? நாலு தோட்டம் சிரிக்கும்.”

கங்காணி பேரேட்டை எடுத்து விரித்தார். பிறகு, “சிரிச்சாச் சிரிக்கட்டும். எழுதிக்கிறேன். ஆனா தலைக்கட்டுன்னா அரையும் குறையும் கெடையாது. பகல் கூலிக்கும் போடணும், அந்திக் கூலிக்கும் போடணும். அதும் எல்லார் முன்னாலயும் போடணும். தாலியறுத்தவளே போடுறா, புருஷன் உள்ளவளுக்கு என்ன கேடுன்னு நான் கேக்கணும்” என்றார்.

அவர் எதற்குச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காமல் செய்தேன் என்று நினைக்காதே. வேம்பைத் தொட்ட கை இதுதான். செல்லப்பன் அந்த வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். நான் சரி என்றேன்.

சம்பளத்தன்று துண்டு விரித்தார். நான்தான் முதலில் போனேன். பகல் கூலி வரியைப் போட்டேன். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்திக் கூலி வரியைப் போட்டேன். கங்காணி உரக்கச் சொன்னார், “பேச்சியம்மா, ஒரு தலைக்கட்டு. அந்திக் கூலிக்கும் போட்டாச்சு. பாத்துக்குங்க.” அவர் மற்றப் பெண்களைப் பார்த்து ஒன்றும் கேட்கவே இல்லை. அவர்கள் புருஷன்மார்கள்தான், “போடு, போடு, அது போடுது, உனக்கென்ன” என்று ஆரம்பித்தார்கள். ஒருத்தி முடிச்சை அவிழ்த்தாள். அப்புறம் அடுத்தவள். கடைசியில் ராஜம்மா. காசைத் துண்டில் போடவில்லை, எறிந்தாள். என்னிடம் வந்து நின்றாள்.

“உன் வீட்டக் காப்பாத்திக்கிட்ட. நல்லாரு. எங்க தூக்கத்தக் குடுத்துல்ல காப்பாத்திக்கிட்ட.”

எனக்குக் கதவு வேண்டும் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் வாசலில் நின்றுதானே இத்தனை நாள் என் கதவு கதவாக இருந்தது. அவிழ்த்த முந்தானையைத் திரும்ப முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திருவிழாவில் வேப்பிலை நான்தான் கட்டினேன். என் பேரைப் படித்தார்கள். அய்யாவு பெண்சாதி என்று படிக்கவில்லை, பேச்சியம்மா என்றே படித்தார்கள். உன் மச்சான் பேர் அதோடு போய்விட்டது.

அக்கா பேச்சியம்மாள்


சிங்கப்பூர்
30-8-1926

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் மிகுந்த ஆறுதல். நீ எப்போதும் தைரியசாலி.

ஒரு நல்ல செய்தி. கிருஷ்ணம்மாவுக்கு இது ஆறாம் மாதம். அவள் தாயார் உடம்பு சரியில்லாமல் அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறார். அவள் தம்பியும் ஜொகூர் பாருவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கைக்கு ஆள் இல்லாமல் கஷ்டப்படுகிறாள். நீயும் செல்லமும் வந்து, பிரசவமாகி அவள் எழுந்து நடமாடும் வரை இருந்தால் பெரிய உபகாரம். இடம் தாராளமாக இருக்கிறது. ரயில் செலவு நான் அனுப்புகிறேன். அதற்குப் பிறகு நடப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உடனே பதில் எழுது.

உன் தம்பி
லெட்சுமணன்


ஏழாங்கட்டைத் தோட்டம்
ஆவணி 28

தம்பிக்கு அக்கா எழுதுவது. கிருஷ்ணம்மாவுக்கு இனிப்பாக ஏதாவது செய்து கொடு. கனம் தூக்க விடாதே. கால் வீங்கினால் உப்பைக் குறைக்கச் சொல். நாங்கள் இருக்கிறோம்.

உன் கடுதாசியைச் செல்லத்துக்கும் படித்துக் காட்டினேன். அவள் பச்சைச் சட்டையை எடுத்து மடித்து வைத்துவிட்டாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீ எழுதியிருக்கும் இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் பிறகில் நாங்கள் எங்கே இருப்போம் என்று தேடிப் பார்த்தேன். நீ எழுதவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது. உன்மேல் கோபம் இல்லை.

ஒரு மாதம் வரி தவறினால் தலைக்கட்டு போய்விடும் என்று கங்காணி சொல்லியிருக்கிறார். போனால் வீடும் போய்விடும். பகல் கூலியில் நானும் பிள்ளையும் சாப்பிட்டு இந்த வரியும் கட்ட முடியாது. அதனால் அந்தி வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. முதலில் காசு சேர்க்கலாம் என்று போனேன். இப்போது வீட்டில் இருப்பதற்காகப் போகிறேன். வீட்டில் இருக்கத்தான் நேரம் இல்லை. நான் வரும்போது செல்லம் தூங்கிவிடுகிறாள்.

ராஜம்மா இன்னும் பேசவில்லை. லயத்தில் யாரும் பேசவில்லை. திருவிழாக் கறியில் என் பங்கை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கதவைச் சாத்தவில்லை, வாங்கவும் இல்லை. நான் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். ஆனால் புகைவீட்டில் எங்கள் இருவரையும் ஜோடியாகப் போட்டிருக்கிறார்கள். ஈரத் தகடு போட்ட மூங்கிலை ஒரு ஆள் தூக்க முடியாது. அவள் ஒரு முனையைப் பிடிக்கிறாள், நான் ஒரு முனையைப் பிடிக்கிறேன். முன்பெல்லாம் “ம், தூக்கு” என்பாள். இப்போது சொல்வதில்லை. அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டதும் நானும் தூக்குகிறேன். புகையில் கண் எரிகிறது. அதற்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அது நல்லதுதான்.

நான் வரமுடியாது என்று கிருஷ்ணம்மாவிடம் நயமாகச் சொல். வேறு ஆள் பார்த்துக்கொள். ரயில் செலவு அனுப்பாதே, அதைப் பிரசவ மருத்துவச்சிக்கு வை.

குழந்தை பிறந்தால் எழுது. பெண்ணாக இருந்தாலும் எழுது.

அக்கா பேச்சியம்மாள்